ரிசர்வ் டிரில்லுக்குப் போகாததால் தம்பிக்கு வந்த டிஸ்சார்ஜ்: மாற்ற வழி உண்டா?

தங்கச்சிமடம் அக்கா:

வணக்கம். தங்கச்சிமடத்தில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், மீனவர் நலவாரிய அட்டை என்று ஊரில் பாதிப் பேருடைய காகிதம் என் கை வழியாகத்தான் போகும். இப்போது சொந்த வீட்டுக் காகிதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதுவும் அமெரிக்கக் காகிதம்.

என் தம்பி 2012-ல் டெக்ஸாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போனான். வங்கிக் கடன், அப்பாவுடைய விசைப்படகின் மேல் வாங்கிய கடன், என் நகை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படிப்பு. 2015-ல் அந்த நாட்டு ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர்ந்தான். மேவ்னி என்று ஒரு திட்டம் அப்போது இருந்தது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவரும் சில மொழிகள் தெரிந்தால் சேரலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. பயிற்சி முடிகிற நேரத்திலேயே குடியுரிமையும் கொடுத்துவிட்டார்கள். ஆறு வருட ஒப்பந்தம். மாதம் ஒரு சனி ஞாயிறு டிரில், வருடத்துக்கு இரண்டு வாரம் முகாம், மற்ற நாளெல்லாம் சொந்த வேலை. அவன் போனில் விளக்கியபோது அம்மா, "அப்ப வாடகைப் பட்டாளமா?" என்று கேட்டார்கள். இன்னமும் எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான்.

2018 பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா படகு பிடிபட்டது. எல்லை தாண்டிய வழக்கு. அப்பாவும் கூடப் போன நான்கு பேரும் அக்கரையில் சிறையில். இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மீன் கம்பெனிக்காரர் கொடுத்த அட்வான்ஸ், ஒரு பக்கம் நான்கு குடும்பம் வாசலில். தம்பி கிளம்பி வந்தான். மீன்வளத்துறை அலுவலகம், கலெக்டர் ஆபீஸ், வக்கீல் என்று அவன்தான் அலைந்தான். நான்கு குடும்பத்துக்கும் மனு எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். எங்கள் கடையிலேயே உட்கார்ந்து அடித்தான். அந்த மனுக்களின் நகல் எல்லாம் இன்னமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அப்பா திரும்பி வந்தார், படகு வரவில்லை. வந்தவருக்கு மஞ்சள் காமாலை. பிறகு ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகலாம் என்றாலும் வழி இல்லை. தம்பி இங்கேயே தங்கிவிட்டான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒரு டிரில்லுக்கும் போகவில்லை.

ஜூலையில் திரும்பிப் போனபோது, "உன் பேப்பர் மேலே போயாச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பழைய அறையை நண்பர்கள் காலி செய்திருந்ததால் வேறு வீட்டுக்கு மாறியிருந்தான். 2019 தொடக்கத்தில் ஒரே ஒரு தாள் வந்தது. பெயர், பதவி, தேதி, கீழே டிஸ்சார்ஜ் வகை: 'அதர் தேன் ஹானரபிள்', அதாவது மரியாதைக்குரியதல்லாத விலக்கு. காரணம் என்று ஒரு வரி கிடையாது, ஒரு விதி எண் மட்டும் இருக்கிறது: 135-178. ஸ்பெஷலிஸ்ட்டாக இருந்தவனைக் கடைசிப் படியில் பிரைவேட் என்று இறக்கியிருக்கிறார்கள்.

இதை அவன் எங்களிடம் சொல்லவே இல்லை. போன மாதம் ஓர் அரசு வேலைக்கு எல்லாம் முடிந்து, கடைசியில் ராணுவக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். கொடுத்ததும் வேலை கைவிட்டுப் போயிற்று. அப்புறம்தான் எனக்குப் போன் செய்து, "அக்கா, அப்பா உள்ளே இருந்ததுக்கு நம்மகிட்ட என்ன ப்ரூஃப் இருக்கு?" என்று கேட்டான்.

என் கேள்விகள்:

இந்த டிஸ்சார்ஜை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா? இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் எடுத்துக்கொள்வார்களா?

அவனுக்கு ஷிஃப்ட் வேலை, நேரமில்லை. அவனுக்காக நானே விண்ணப்பம் போடலாமா?

இங்கிருந்து என்ன காகிதம் அனுப்பினால் அங்கே செல்லும்? இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி தயார் செய்து வைத்திருக்கிறேன். படகின் ஆர்.சி. இருக்கிறது, டி.என்-10 என்று தொடங்கும் எண்ணோடு. அன்றைக்குக் கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுத்த டோக்கனின் நகல் இருக்கிறது. எல்லாம் தமிழில்.

ஆறு மாதம் ஆனால் தானாகவே நல்ல டிஸ்சார்ஜாக மாறிவிடும் என்று அவனுடைய சிநேகிதன் ஒருவன் சொன்னானாம். அதை நம்பித்தான் இவ்வளவு காலம் சும்மா இருந்திருக்கிறான். உண்மையா?

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு):

தங்கச்சி, வருத்தப்படாமல் கேளுங்கள். பட்டாளம் எந்த நாட்டுடையதானாலும் வராதவன் வராதவன்தான். நம் ஊரிலும் இதே மாதிரிப் படை உண்டு. டெரிட்டோரியல் ஆர்மி, 1948 சட்டம். சொந்த வேலை பார்த்துக்கொண்டே வருடத்துக்கு ஒரு முறை முகாமுக்குப் போய் வருவார்கள். அங்கே யாரும் "அப்பாவுக்கு முடியலை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிட முடியாது. எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதனால் என் கேள்வி ஒன்றுதான். உங்கள் தம்பி லீவு கேட்டானா? கேட்டதற்கு அத்தாட்சி இருக்கிறதா? அது இருந்தால் வழி இருக்கிறது. இல்லாவிட்டால் மற்ற காகிதம் எத்தனை கிலோ இருந்தாலும் பிரயோஜனம் குறைவு.

நம் படையில் இருந்தவனாக இருந்தால் நானே ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப் போவேன். அதற்கும் மேலே சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, 2007 சட்டத்தின்படி. ஆனால் இது அவர்கள் படை. நம் தீர்ப்பாயம் தொடாது. யாராவது 'சென்னையில் கேஸ் போடலாம்' என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

பரமக்குடிக்காரன், சான் அன்டோனியோ:

அக்கா, நான் அதே ரிசர்வ் படையில் எழுத்தர் வேலை பார்த்தவன். இந்த மாதிரி ஃபைல்களை யூனிட்டிலிருந்து மேலே அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு மாதக் கதை சுத்தப் பொய். எந்த டிஸ்சார்ஜும் தானாக மாறாது. கேட்டால்தான் பார்ப்பார்கள். ஆனால் கேட்க நேரம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து 15 வருடம். 2019 என்றால் 2034 வரை. டி.டி. 293 என்று ஒரு படிவம், அதை ராணுவ டிஸ்சார்ஜ் மறுஆய்வுக் குழு பார்க்கும், வர்ஜீனியா மாநிலத்தில் ஆர்லிங்டனில் அலுவலகம். ஆன்லைனிலும் போடலாம். கட்டணம் கிடையாது. ஐந்து பேர் குழு, பெரும்பான்மை முடிவு. இன்னொரு நல்ல செய்தி: இந்தக் குழுவால் இருப்பதைவிட மோசமாக்க முடியாது. சட்டமே அப்படி. தம்பி பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் போட முடியாது. தம்பிதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உயிரோடு இல்லை, அல்லது சுயநினைவில் இல்லை என்றால்தான் வீட்டார் போடலாம். படிவம் நான்கு பக்கம், ஷிஃப்ட் வேலைக்கு நடுவில் செய்யக்கூடியதுதான். நேரமில்லை என்கிற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தக் காகிதம் எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். இது தெரியாமல் எழுதினால் விண்ணப்பம் சறுக்கும். ரிசர்வில் ஒரு வார இறுதி என்பது ஒரு டிரில் இல்லை, நான்கு. சனிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று, ஞாயிறும் அப்படியே. ஒரு வருடத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒன்பது தவறினால் 'ஒழுங்காகப் பங்கேற்காதவர்' என்று எழுதிவிடலாம். அதாவது இரண்டு மாதம் முழுசாக, மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை. அவ்வளவுதான். தம்பி மார்ச்சிலிருந்து ஜூன் வரை போகவில்லை என்றால் மே மாதமே கோடு தாண்டிவிட்டார்.

ஆனால் தாண்டினவர்களை எல்லாம் இப்படி அனுப்புவதில்லை. வீட்டில் நெருக்கடி என்றால் கமாண்டர் அந்த டிரில்லை மன்னிக்கலாம், வேறு நாளில் ஈடு செய்யச் சொல்லலாம். அதுவும் முடியாது என்றால் டிரில் இல்லாத ரிசர்வ் பட்டியலுக்கு மாற்றிவிடலாம். என் கண் முன்னாலேயே அப்படி மாறிப் போனவர்கள் உண்டு. ஆள் எங்கே என்றே தெரியவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால்தான் ஃபைல் இந்தப் பக்கம் சாயும்.

கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. டிஸ்சார்ஜுக்கு முன்னால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருப்பார்கள். இன்ன காரணத்துக்காக அனுப்பப் போகிறோம், விசாரணைக் குழு வேண்டுமா, வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருக்கும். அது பழைய அறைக்குப் போய் 'யாரும் வாங்கவில்லை' என்ற ஸ்டிக்கரோடு திரும்பியிருக்கலாம். பதில் வராவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். உடனே "எனக்கு நோட்டீஸே வரவில்லை, அதனால் எல்லாம் செல்லாது" என்று எழுதத் தோன்றும். அது பலவீனமான வாதம். விலாசம் மாறினால் யூனிட்டுக்குச் சொல்ல வேண்டியது ரிசர்வ் ஆளின் கடமை. அவர்களிடம் இருந்த கடைசி விலாசத்துக்கு அனுப்பினாலே போதும் என்றுதான் விதி.

குழு இரண்டு விஷயம் பார்க்கும். ஒன்று, விதிப்படி செய்தார்களா. இன்னொன்று, செய்தது நியாயமா. தம்பியின் பலம் இரண்டாவதில் இருக்கிறது. 2018 ஜூலை 25-ல் பாதுகாப்புத் துறையில் துணைச் செயலர் பொறுப்பில் இருந்த வில்கி என்பவர் இந்தக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டுக் குறிப்பு அனுப்பினார். காலம் எவ்வளவு ஆயிற்று, ஆள் அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தார், உண்மையைச் சொல்கிறாரா, தவறு எவ்வளவு பெரியது என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. ஹானரபிள் வாங்க அப்பழுக்கில்லாத சேவை தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அந்தக் குறிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடச் சொல்லுங்கள்.

மனநலம், பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) என்றால் தாராளமாகப் பார்க்கச் சொல்லி 2014-லும் 2017-லும் தனிக் குறிப்புகள் வந்திருக்கின்றன. இங்கே பல பேர் அதைச் சேர்த்து எழுதச் சொல்வார்கள். அப்போது மருத்துவரிடம் போயிருந்தால் எழுதட்டும். போகாவிட்டால் வேண்டாம். அப்பா சிறையில், படகு அக்கரையில். இதற்கு மேல் என்ன சேர்க்க வேண்டியிருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. தம்பியிடம் '214' என்று ஒரு படிவம் இருக்கும். அது அவருடைய ஆரம்பப் பயிற்சிக்காகக் கொடுத்தது. அதை வைத்து விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய. மாற்ற வேண்டியது அது இல்லை, நீங்கள் சொன்ன அந்த ஒற்றைத் தாள் ஆணை. அதன் நகலை இணையுங்கள்.

அதற்கும் முன்னால் முழு ஃபைலையும் வாங்கச் சொல்லுங்கள். செயின்ட் லூயிஸில் இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு 180 எண் படிவம் போட்டால் கிடைக்கும். அதில்தான் டிரில் வருகைப் பதிவு, நோட்டீஸ், யூனிட் எழுதின குறிப்பு எல்லாம் இருக்கும். குழுவுக்கு முன்னால் இருக்கும் ஃபைலைப் பார்க்காமல் பதில் எழுதுவது இருட்டில் வலை விடுகிற மாதிரி.

ஹவில்தார் அண்ணன் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். யூனிட்டுக்கு என்ன சொன்னார்? யாரிடம்? எதில்?

தங்கச்சிமடம் அக்கா:

தம்பியிடம் இரவு முழுக்கப் பேசினேன். (அவனுக்குப் பகல்.)

ஹவில்தார் அண்ணே, நீங்கள் கேட்டது சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் நல்ல கேள்வி. முறையாக லீவு கேட்டு அவன் எழுதிக் கொடுக்கவில்லை. அவனுக்கு மேலே இருந்த சார்ஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறான். பழைய போன் என்னிடம்தான் இருந்தது. ஸ்கிரீன் மூலையில் உடைந்திருக்கிறது, சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. பக்கத்து செல்போன் கடைத் தம்பி பேட்டரி மாற்றிக் கொடுத்தான். எடுத்துவிட்டேன்.

முதல் மெசேஜ் அவன் சென்னையில் இறங்கிய மறுநாள். அப்பா வேறு நாட்டில் கைதாகியிருக்கிறார், குடும்பத்தில் வேறு ஆண்பிள்ளை இல்லை, மார்ச் டிரில்லுக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறான். அதற்குப் பதில்: சரி, குடும்பத்தைப் பார், மேலே சொல்கிறேன். ஏப்ரலில் இன்னொன்று போட்டிருக்கிறான். அதற்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்திருக்கிறது. மே, ஜூனில் இவன் ஒன்றும் அனுப்பவில்லை. "ஒரு தடவை சொன்னா போதும்னு நினைச்சேன்" என்கிறான்.

'வேறு ஆண்பிள்ளை இல்லை' என்று அவன் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அது தனிக் கதை. அந்த நாலு மாதமும் கடை வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உள்ளே இருந்த நாட்களுக்கு ஆதாரம் தேடியபோது ஒன்று கிடைத்தது. பிடிபட்ட மீனவர் குடும்பத்துக்கு அரசு தினப்படி கொடுக்கும், அப்போது நாளுக்கு 250 ரூபாய். அது அம்மாவின் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறது. பாஸ்புக்கில் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் சிலுவை போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்து 250-ஆல் வகுத்தால் எத்தனை நாள் என்று அப்படியே வருகிறது. இது செல்லுமா? அம்மாவின் பென்சிலை அழித்துவிட்டு நகல் எடுக்கவா?

இன்னும் இருப்பவை: தம்பி பாஸ்போர்ட்டில் வந்துபோன முத்திரை, மஞ்சள் காமாலைக்கு அப்பா சேர்ந்திருந்த மருத்துவமனைச் சீட்டு, அந்த நான்கு மனுக்கள். பங்குத்தந்தையிடம் நன்னடத்தைக் கடிதம் கேட்டிருக்கிறேன். வார்டு கவுன்சிலர், மீனவர் சங்கத் தலைவர், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் எல்லாரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழக்கரை காக்கா:

சகோதரி, அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடியுரிமையில் இருப்பதால் இந்தப் பக்கம் கொஞ்சம் தெரியும். இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வேலை போனதைப் பெரிதாகப் பேசுகிறோம். அதைவிடப் பெரியது குடியுரிமை. தம்பிக்கு அது படையில் இருந்ததை வைத்துக் கிடைத்தது, அவர்களுடைய குடிவரவுச் சட்டம் 329-ஆம் பிரிவு. அதே பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. மொத்தம் ஐந்து வருடம் ஒழுங்காகச் சேவை செய்து முடிப்பதற்குள் 'அதர் தேன் ஹானரபிள்' முறையில் விலக்கப்பட்டால் அந்தக் குடியுரிமையை ரத்து செய்யலாம். 2015-ல் சேர்ந்தார், 2019 தொடக்கத்தில் விலக்கிவிட்டார்கள். ஐந்து ஆகவில்லை.

பதற வேண்டாம். 'செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, தானாக நடக்காது. அதற்கு அரசாங்கம் தனியாக நடவடிக்கை எடுத்து நீதிமன்றம் போக வேண்டும். ஆனாலும் தலைக்கு மேல் ஒன்று தொங்குகிறது என்று தெரிந்துகொண்டே விடக்கூடாது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு குடிவரவு வக்கீலிடம் தம்பி ஒரு மணி நேரம் பேசட்டும்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் வருகிறது. அவர்கள் வரிசையில் ஹானரபிளுக்கு அடுத்தது 'ஜெனரல்', அதாவது ஹானரபிள் நிலைமையின் கீழ் வருவது. ஒரே ஒரு படி ஏறி ஜெனரல் கிடைத்தாலே 'அதர் தேன் ஹானரபிள்' என்ற சொல் காகிதத்திலிருந்து போய்விடும். அதனால் ஹானரபிள் கேட்கட்டும், அது முடியாவிட்டால் ஜெனரலாவது கொடுங்கள் என்று இரண்டையும் எழுதிக் கேட்கட்டும். ஹானரபிள் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு உட்கார வேண்டாம்.

ஓ.சி.ஐ. அட்டையைப் பற்றியும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் விசா இல்லாமல் வந்துபோக நம் அரசு கொடுப்பது) சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். வெளிநாட்டுப் படையில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் அது கிடையாது என்று நம் உள்துறையே எழுதி வைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் நல்லதாக மாறினாலும் அந்தக் கதவு திறக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஊருக்கு விசாவில் வந்து போகட்டும்.

பரமக்குடிக்காரன், சான் அன்டோனியோ:

காக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் ராணுவக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குடியுரிமை என் கண்ணில் படவில்லை.

அக்கா, அந்தப் பாஸ்புக்கைத் தொடாதீர்கள். பென்சில் அப்படியே இருக்கட்டும். அழித்து நகல் எடுத்தால் ஏதோ திருத்தினீர்கள் என்று தோன்றும். அம்மாவிடமே இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: இந்தச் சிலுவைகள் நான் போட்டவை, அரசு கொடுத்த தினப்படி வந்த நாட்கள். வங்கியில் கேட்டு அந்தக் காலத்து ஸ்டேட்மென்ட் சீல் போட்டு வாங்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கும். உங்கள் பெட்டியில் இருப்பதிலேயே உயர்ந்த காகிதம் இதுதான். ஓர் அரசாங்கம் இன்னார் இத்தனை நாள் சிறையில் இருந்தார் என்று பணம் கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறது. இதற்கு முன்னால் கவுன்சிலர் கடிதம் எல்லாம் என்ன?

அதனால் நன்னடத்தைக் கடிதங்களைக் குறையுங்கள். பங்குத்தந்தை போதும். கவுன்சிலர், தலைவர், ஹெட்மாஸ்டர் எல்லாரும் 'நல்ல பையன், ஒழுக்கமானவன்' என்று ஒரே வாசகம் எழுதுவார்கள். அவற்றுக்குப் பதில் கூடப் பிடிபட்ட நான்கு பேரில் இரண்டு பேர், 'நாங்கள் உள்ளே இருந்தபோது எங்கள் வீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்து அலைந்தது இந்தப் பையன்' என்று தேதியோடு எழுதினால் அது வேறு விஷயம். மனு நகல்களை அதன் பின்னால் வையுங்கள்.

முத்திரைத்தாளும் நோட்டரியும் அங்கே தேவையில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 28-ஆம் தொகுதி, 1746-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி, பொய்யானால் தண்டனைக்கு உட்பட்டு, மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற பொருளில் ஆங்கில வாசகத்தோடு தேதி போட்டுக் கையெழுத்திட்டால் சத்தியப் பிரமாணத்துக்குச் சமம். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி' என்கிற பகுதி கட்டாயம், அதை விட்டுவிடாதீர்கள். பங்குத்தந்தை, அந்த இரண்டு மீனவர், அம்மா எல்லாருக்கும் இதே முறை.

தமிழ்க் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். செய்பவர், இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்கே நன்றாக வரும் என்று தெரியும், ஆனாலும் நீங்கள் செய்ய வேண்டாம். வீட்டாள் இல்லாத ஒருவர் செய்யட்டும். டோக்கன், ஆர்.சி. போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்போடு 'இது என்ன காகிதம், யார் கொடுப்பது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்லிங்டனில் இருப்பவருக்கு டோக்கன் என்றால் பஸ் டோக்கன்தான் ஞாபகம் வரும்.

இப்போது வாட்ஸ்அப். 'சரி, குடும்பத்தைப் பார், மேலே சொல்கிறேன்' என்ற அந்தப் பதிலில்தான் இந்த கேஸ் நிற்கிறது. சார்ஜென்ட்டுக்கு டிரில்லை மன்னிக்கும் அதிகாரம் கிடையாது, அது கமாண்டருக்குத்தான். அதனால் இதை 'அனுமதி வாங்கினேன்' என்று எழுதக் கூடாது. எழுதினால் ஃபைலில் அனுமதி இல்லை என்று காட்டி ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி எழுதட்டும்: சொன்னேன், இந்தப் பதில் வந்தது, அது போதும் என்று நம்பினேன். மே, ஜூனில் மெசேஜ் போடவில்லை என்பதையும் அவரே எழுதட்டும். குழு எப்படியும் தேதிகளைப் பார்க்கும். முடிந்தால் அந்த சார்ஜென்ட்டைத் தேடிப் பிடித்து, இந்த மெசேஜ் வந்தது உண்மை என்று ஒரு கடிதம் வாங்கட்டும். அவர் இப்போது படையை விட்டே போயிருந்தால் தயங்காமல் கொடுப்பார்.

முதலில் ஆவணங்களை மட்டும் வைத்துப் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழக்கம். அதில் மறுத்தால் அதே 15 வருடத்துக்குள் நேரில் பேச வாய்ப்புக் கேட்கலாம். முதலிலேயே நேரில் போய்த் தோற்றால் ஆவணப் பரிசீலனைக்குத் திரும்ப முடியாது. அதுவும் கைவிட்டால் ராணுவப் பதிவுத் திருத்தக் குழு என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குப் படிவம் 149. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருடத்தையும் தாண்டும். நடுவில் வீடு மாறினால் இந்தத் தடவையாவது விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள்!

வக்கீலுக்குப் பணம் கொடுக்கும் முன்னால் அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் கேட்கட்டும், இலவசமாகவே உதவுவார்கள். பல சட்டக் கல்லூரிகளிலும் இதற்கென்றே உதவி மையங்கள் உண்டு. பழைய முடிவுகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ரிசர்வ், டிரில் தவறியது என்று தேடி நாலைந்தைப் படித்தால் எதை எழுதியவர் ஜெயித்தார், எதை எழுதியவர் தோற்றார் என்று பிடிபடும். எல்லோரும் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காகிதம் இல்லாமல் கதை மட்டும் சொன்னவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள்.

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு):

வாட்ஸ்அப்பில் லீவு சொல்கிற பட்டாளத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இருந்தாலும் மேலே இருப்பவன் 'சரி' என்று பதில் போட்டிருக்கிறான் அல்லவா, அவன்தான் அதைக் கமாண்டர் காதில் போட்டிருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் என்.சி.ஓ.வின் வேலை, அதாவது ஹவில்தார், சார்ஜென்ட் மாதிரிப் பதவியில் இருப்பவரின் வேலை. பையன் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். மே, ஜூன் பாதியை அவன்தான் சுமக்க வேண்டும்.

தங்கச்சி, அந்த உடைந்த போனை ரிப்பேருக்கு வெளியே கொடுத்துவிடாதீர்கள். அதுதான் அசல்.

தங்கச்சிமடம் அக்கா:

போன் பீரோவில் பூட்டியாகிவிட்டது அண்ணே.

தம்பி 180 படிவம் போட்டுவிட்டான், ஃபைல் வந்ததும் மற்றது. அந்தக் குடியுரிமை விஷயம் அவனுக்கே தெரியாது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் வக்கீலிடம் நேரம் வாங்குவதாகச் சொன்னான். காக்காவுக்கு நன்றி.

அப்பாவோடு இருந்தவர்களில் ஒருவர் இப்போது வளைகுடாவில், இன்னொருவர் பாம்பனில் நாட்டுப்படகில் போகிறார். பாம்பன்காரரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிடித்துவிடுவேன். அவருக்குக் கையெழுத்துப் போட வராது, கைரேகைதான். பரமக்குடித் தம்பி, அந்த 1746 வாசகத்துக்குக் கீழே கைரேகை வைத்து, பக்கத்தில் இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கினால் ஏற்றுக்கொள்வார்களா? இல்லை, வளைகுடாவில் இருப்பவரிடமே வாங்கிவிடவா? அவர் பத்தாவது படித்தவர், ஆனால் போன் எடுப்பது அபூர்வம்.

பரமக்குடிக்காரன், சான் அன்டோனியோ:

இரண்டு பேரிடமும் வாங்குங்கள் அக்கா. பாம்பன்காரர் தமிழில் சொன்னதை எழுதி, அதை அவருக்கு வாசித்துக் காட்டியவர் யார் என்று சாட்சிகளில் ஒருவர் தெளிவாகக் குறிப்பிடட்டும், கைரேகைக்குப் பக்கத்தில் அவருடைய ஆதார் நகலும் இருக்கட்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் நோட்டரி முன்னால் வைத்தால் கூடுதல் பலம். நீங்கள் வாங்கி வைத்த முத்திரைத்தாள் இதற்காவது உதவட்டும்.